வகுப்பறைக்குள்ள உலகக் கோப்பை: இந்த மாச கேள்வி பதில்

ஜூன் 11ஆம் தேதி மெக்சிகோ சிட்டில ஃபுட்பால் உலகக் கோப்பை ஆரம்பிக்குது. நமக்கு பள்ளிக்கூடம் திறந்த கையோட வர்றதால இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல இதைப் பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், யாரோட பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில நாலாம் வகுப்பு எடுக்கறேன் டீச்சர். பசங்க வாயைத் திறந்தா மெஸ்ஸி, ரொனால்டோதான். இந்த ஆர்வத்தை பாடத்துக்கு பயன்படுத்திக்கணும்னு ஆசை, ஆனா போர்ஷன், எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, ஆப்ல பதிவு ஏத்தறதுன்னு ஏற்கனவே மூச்சு முட்டுது. இதுக்குன்னு தனியா பீரியட் எங்க இருந்து எடுக்கறது?
— ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

தனியா பீரியடே எடுக்காதீங்க டீச்சர். இதை கூடுதல் பாடமா நினைச்சா ரெண்டே நாள்ல சலிச்சுப் போயிடும். புத்தகத்துல இருக்கற கணக்கை அப்படியே வெச்சுக்கிட்டு உதாரணத்தை மட்டும் மாத்துங்க. ஒரு கூடைக்கு 6 மாம்பழம்னா 12 கூடைக்கு எத்தனைன்னு இருக்கா, அங்க ஒரு குரூப்புக்கு 6 மேட்ச், 12 குரூப்புக்கு எத்தனைன்னு கேளுங்க. பெருக்கல் அதேதான், கற்றல் விளைவு அதேதான், நோட்ஸ் ஆஃப் லெசன்லயும் அதையேதான் எழுதப் போறீங்க.

ஆனா அந்த 6 எங்க இருந்து வந்துச்சுங்கறதுலதான் விஷயமே இருக்கு. போன உலகக் கோப்பை சமயத்துல நான் இதை நாலாம் வகுப்புல செஞ்சேன். நாலு பிள்ளைங்களை முன்னாடி கூப்பிட்டு அந்த வருஷம் ஒரே குரூப்ல இருந்த அர்ஜென்டினா, மெக்சிகோ, போலந்து, சவுதி அரேபியான்னு ஆளுக்கு ஒரு பேர் எழுதி கையில கொடுத்தாச்சு, ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேரோட ஒரு தடவை ஆடணும், மொத்தம் எத்தனை மேட்ச்னு கேட்டேன். ஒரு பொண்ணு பட்டுனு "12 டீச்சர்"ன்னா. ஆளுக்கு 3, நாலு பேருக்கு 12, பெருக்கலைப் பொறுத்தவரை சரியாத்தான் சொல்றா. கடைசி வரிசையில ஒருத்தன் "இல்ல, 6"ங்கறான், ஏண்டான்னு கேட்டா சொல்லத் தெரியல. ரெண்டு விடையையும் போர்டுல எழுதிட்டு நான் தள்ளி நின்னுட்டேன். அவங்களே கை குலுக்கி பாக்கலாம்னு முடிவு பண்ணி நாலு பேரும் மாத்தி மாத்தி கை குலுக்க, கீழ உக்காந்திருந்த ஒருத்தி ஒவ்வொரு குலுக்கலுக்கும் தரையில சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கிட்டே வந்தா. ஆறாவது கோட்டுக்கு மேல குலுக்க ஆளே இல்ல. உடனே அந்த 12ன்னு சொன்ன பொண்ணேதான் கத்துனா, "அர்ஜென்டினா மெக்சிகோவோட ஆடுனா மெக்சிகோவும் அர்ஜென்டினாவோட ஆடியாச்சு, நான் ஒவ்வொரு மேட்ச்சையும் ரெண்டு தடவை எண்ணிட்டேன்!"

இந்த வருஷம் இன்னும் நல்லா இருக்கும். போன தடவை 32 அணி, 64 மேட்ச், இப்போ 48 அணி. நாலு நாலா 12 குரூப். அப்போ குரூப் மேட்ச் மட்டும் 72. அதுல இருந்து 32 அணி நாக் அவுட்டுக்கு போகுது. நாக் அவுட்ல எத்தனை மேட்ச்னு பிள்ளைங்க 16, 8, 4, 2, 1ன்னு கூட்டிக்கிட்டு வருவாங்க, 31 வரும். கூட்டத் தெரிஞ்ச பிள்ளைங்க கிட்ட மட்டும் ஒரு கேள்வி கூடுதலா போடுங்க, கூட்டாமலே சொல்ல முடியுமா? ஒவ்வொரு மேட்ச்லயும் ஒரு அணி வீட்டுக்குப் போகுது, 32ல கடைசியா ஒண்ணுதான் மிஞ்சணும், அப்போ 31 பேர் வீட்டுக்குப் போகணும், அதனால 31 மேட்ச். மூணாவது இடத்துக்கு ஒரு மேட்ச் சேர்த்தா 32. 72ம் 32ம் 104, அட்டவணையிலயும் 104தான். பேப்பர்ல வந்த நம்பரை தான் கண்டுபிடிச்ச நம்பரோட ஒத்துப் பாக்கும்போது அந்தப் பிள்ளைங்க முகத்துல வர்ற வெளிச்சத்தை எந்த ஒர்க்‌ஷீட்டாலயும் கொண்டுவர முடியாது, அதை நான் அடிச்சு சொல்வேன்.

எண்ணும் எழுத்தும்ல பிள்ளைங்களைப் பிரிக்கற அரும்பு, மொட்டு, மலர்னு மூணு கற்றல் நிலையும் உங்க வகுப்புல இருக்கும்ல, அரும்பு பிள்ளைங்க கோடு போட்டு எண்ணட்டும், மொட்டு 12 தடவை 6 போடட்டும், மலர் நாக் அவுட்டை எடுத்துக்கட்டும். கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான், யாரும் ஓரமா உக்கார வேண்டியதில்ல.

கேள்வி: என் பொண்ணு தனியார் பள்ளியில மூணாவது படிக்கறா. "வேர்ல்ட் கப் டே" கொண்டாடறாங்களாம், ஒரு நாட்டோட கொடி சார்ட், அந்த நாட்டு டிரஸ், நாலு வரி இங்கிலீஷ் ஸ்பீச். சார்ட்டை ராத்திரி 11 மணிக்கு நானும் அவங்க அப்பாவும்தான் ஒட்டப் போறோம். இதுல அவ என்ன கத்துக்கப் போறா?
— ஒரு அம்மா, கோயம்புத்தூர்

உங்க ஆதங்கம் நியாயம்தாம்மா. அப்பா அம்மா ஒட்டின சார்ட்டால பிள்ளைக்கு ஒண்ணும் வராது, ஒரே நாள்ல 30 கொடி பார்த்தா ஒரு கொடியும் மனசுல நிக்காது. பள்ளிக்கூடத்து மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அவங்க கேட்டதை சின்னதா பிள்ளையையே செய்யச் சொல்லுங்க, கோணல் மாணலா இருந்தாலும் பரவால்ல. ஆனா அந்த ஒரு நாட்டை ஒரே நாளோட விட்டுடாதீங்க, மாசம் முழுக்க அவளோட நாடா வெச்சுக்கோங்க.

எந்த நாடுன்னு அவளுக்கு சாய்ஸ் இருந்தா குரசாவ் எடுக்கச் சொல்லுங்க. கரீபியன் கடல்ல வெனிசுலாவுக்கு மேல இருக்கற குட்டித் தீவு, நெதர்லாந்து முடியாட்சியோட ஒரு பகுதி. மொத்த ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம், பரப்பளவு 444 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சி 426ங்கறப்போ கிட்டத்தட்ட சென்னை சைஸ்தான். உலகக் கோப்பைக்கு இதுவரைக்கும் வந்ததுலயே ஜனத்தொகையில ரொம்ப சின்ன நாடு இதுதான், இதுக்கு முன்னாடி அந்த இடத்துல 2018ல வந்த ஐஸ்லாந்து இருந்துச்சு. குரசாவுக்கு முதல் மேட்ச்சே ஜெர்மனியோட, அங்க எட்டு கோடிக்கு மேல ஜனங்க.

இதை ஒரு மூணாவது படிக்கற பிள்ளை கிட்ட சொல்லிப் பாருங்க, கேள்வி தானா வரும். அவ்வளவு சின்ன ஊர்ல எப்படி டீம் சேர்த்தாங்க? அவங்க என்ன பாஷை பேசுவாங்க? (பாப்பியாமெந்து, டச்சு.) கொடியில ஏன் ரெண்டு நட்சத்திரம்? நீலம் எதுக்கு, மஞ்சக் கோடு எதுக்கு? நீலம்னா கடலும் வானமும், மஞ்சள்னா வெயில், இதை அவளே யோசிச்சு சொல்லிடுவா பாருங்க. ஒரு நோட்டு போட்டு அந்த அணி ஆடற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நாலு வரி எழுதட்டும், தமிழ்லயே எழுதட்டும். தோத்துட்டாலும் எழுதட்டும், தோத்த அணியை விடாம பின்தொடர்ற பிள்ளை நிறைய கத்துக்கும்.

மத்தபடி அந்த நாட்டு டிரஸ்னு கடையில வாடகைக்கு எடுக்கறதுக்கு நான் எதிரானவ, வெளிப்படையாவே சொல்றேன். அந்த ஊர்ல யாரும் தினமும் அப்படி உடுத்தறது கிடையாது. ஒரு நாட்டை பொம்மை மாதிரி காட்டறதுக்கு ஒரு டீ ஷர்ட்டே தேவலை.

கேள்வி: மேட்ச் எல்லாம் நடுராத்திரி, விடியக்காலைன்னு வருது. பையன் (7 வயசு) முழிச்சிருந்து பாப்பேன்னு அடம். வகுப்புல ஆர்வத்தை தூண்டிவிட்டா தூக்கம்தானே கெடும்?
— அப்பா, தாம்பரம்

பாக்க விடாதீங்க தம்பி. 7 வயசுப் பிள்ளை ராத்திரி தூங்கணும், அதுல பேச்சே இல்ல. பாடத்துக்கு மேட்ச்சைப் பாக்கவே வேண்டாம், காலையில ஸ்கோர் தெரிஞ்சா போதும், ஹைலைட்ஸ் பத்து நிமிஷம் போதும்.

ஆனா ஏன் நடுராத்திரிங்கற கேள்வியை விட்டுடாதீங்க, அது தங்கமான கேள்வி. முதல் மேட்ச் மெக்சிகோவும் தென் ஆப்பிரிக்காவும், அங்க ஜூன் 11 மதியம் 1 மணி, நமக்கு ஜூன் 12 ராத்திரி 12.30. பிள்ளைங்க கேக்கறது என்னன்னா, ஒரே மேட்ச் எப்படி ரெண்டு தேதியில நடக்கும்? இதை வாயால விளக்கிக்கிட்டு இருக்காம ஜன்னலை சாத்தி லைட்டை அணைச்சுட்டு ஒரு பந்துல இந்தியாவுக்கும் மெக்சிகோவுக்கும் பொட்டு வெச்சு டார்ச் அடிச்சு மெதுவா சுத்திக் காட்டுங்க. மெக்சிகோ பொட்டு வெளிச்சத்துல இருக்கும்போது நம்ம பொட்டு பின்னாடி இருட்டுல இருக்கும். பதினொன்றரை மணி நேர வித்தியாசம். ஃபைனல் ஜூலை 19 நியூ ஜெர்சியில மதியம் 3 மணிக்கு, அங்க வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம், நமக்கு எத்தனை மணி, என்ன தேதின்னு அவனையே கணக்கு போடச் சொல்லுங்க. அமெரிக்கா, கனடா, மெக்சிகோன்னு மூணு நாடு சேர்ந்து நடத்தற போட்டி, ஒரே நாட்டுக்குள்ளயே நேரம் மாறுதுங்கறதையும் அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி: அஞ்சாம் வகுப்புக்கு தசம எண்கள் எடுக்கறேன். 9.81 பெருசா 9.784 பெருசான்னு கேட்டா முக்கால்வாசி பேர் 9.784ங்கறாங்க, 784 பெருசு 81 சின்னதுன்னு. விளையாட்டை வெச்சு இதை சரி பண்ண முடியுமா?
— ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

சார், நீங்க தெரிஞ்சு எழுதினீங்களோ தெரியாம எழுதினீங்களோ, இந்த ரெண்டு நம்பரும் ஒரே ரேஸ்ல வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் ஃபைனல். அமெரிக்காவோட நோவா லைல்ஸ் 9.784 விநாடி, ஜமைக்காவோட கிஷேன் தாம்சன் 9.789, மூணாவது வந்த ஃப்ரெட் கெர்லி 9.81. போர்டுல முதல் ரெண்டு பேருக்குமே 9.79ன்னுதான் காட்டுச்சு, யார் ஜெயிச்சாங்கன்னு ஓடினவங்களுக்கே தெரியல, போட்டோ ஃபினிஷ் படத்தை பார்த்துதான் அறிவிச்சாங்க.

இந்த மூணு பேரையும் வரிசைப்படுத்தச் சொல்லுங்க. 784 பெருசுன்னு சொல்ற பிள்ளை கிட்ட அப்போ லைல்ஸ்தான் கெர்லியை விட லேட்டா வந்தாரா, தங்கம் எப்படி கொடுத்தாங்கன்னு திருப்பிக் கேளுங்க. அங்கதான் இடிக்கும். 9.81ஐ 9.810ன்னு எழுதினா என்ன ஆகும்னு அவங்களே வருவாங்க, வரலேன்னா ஒரு சின்னத் தள்ளு. நோட்டுல விதியா எழுதிப் போட்டா மறந்துடற விஷயம், தங்கம் யாருக்குன்னு வரும்போது மறக்காது. 0.005 விநாடி எவ்வளவு தூரம்னும் கேக்கலாம். அந்த வேகத்துல விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல ஓடறாங்க, அப்போ அஞ்சு ஆறு சென்டிமீட்டர். ஸ்கேலை எடுத்து பெஞ்சுல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, 100 மீட்டர் ஓடி அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த நாள் ஈட்டி எறிதலை எடுங்க. அதே ஒலிம்பிக்ல பாகிஸ்தானோட அர்ஷத் நதீம் 92.97 மீட்டர், ஒலிம்பிக் சாதனை, நம்ம நீரஜ் சோப்ரா 89.45. ஓட்டத்துல சின்ன நம்பர் ஜெயிக்குது, எறியறதுல பெரிய நம்பர் ஜெயிக்குது, இதுல பிள்ளைங்க கொஞ்ச நேரம் குழம்புவாங்க, குழம்பட்டும், நம்பர் எதை அளக்குதுன்னு யோசிக்கற பழக்கம் அங்கதான் வருது. நிறைய தொடக்கப் பள்ளியில 90 மீட்டர் நீளத்துக்கு மைதானம் கிடையாது, கேட்டுக்கு வெளிய தெருவுல அளக்க வேண்டி வரும், வண்டி வராத தெருவா பார்த்து கூட்டிட்டுப் போங்க. அளந்து முடிச்சதும் ஒரு முனையில நின்னுக்கிட்டு இன்னொரு முனையில இருக்கற பையனை பாக்கும்போதுதான் "இவ்ளோ தூரமா!"ன்னு வாய் பிளப்பாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 3.52 மீட்டர். வகுப்புத் தரையில மூணு பிள்ளைங்களை தலையும் காலும் முட்டற மாதிரி வரிசையா படுக்க வெச்சா கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

ஒரு எச்சரிக்கை. கிரிக்கெட் ஓவரை தசமத்துக்கு உதாரணமா எடுத்துடாதீங்க. 2025 நவம்பர் 2, நவி மும்பையில நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பை ஜெயிச்சாங்களே, அந்த ஃபைனல்ல இந்தியா 298, தென் ஆப்பிரிக்கா 45.3 ஓவர்ல 246 ஆல் அவுட். அந்த 45.3ங்கறது 45 ஓவரும் 3 பந்தும், ஓவருக்கு ஆறு பந்து, மூணு பந்துன்னா பாதி ஓவர், அப்போ தசமத்துல எழுதினா 45.5. 45.6ன்னு ஸ்கோர் போர்டு காட்டறதில்ல, அது 46 ஆயிடும். தசமம் நல்லா பிடிபட்ட பிறகு இதைக் கொடுத்தா அருமையான பயிற்சி, அதுக்கு முன்னாடி கொடுத்தா இருக்கறதும் கலைஞ்சு போயிடும்.

கேள்வி: மூணாம் வகுப்புல அஞ்சாறு பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கறாங்க. புத்தகத்தை நீட்டினாலே முகம் வாடிடுது. விளையாட்டை வெச்சு படிக்க வைக்கலாமா?
— ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்

வைக்கலாம் டீச்சர், பேப்பரோட விளையாட்டுப் பக்கம் அதுக்கு ரொம்ப உதவும். தலைப்பு பெரிய எழுத்துல இருக்கு, வரி சின்னது, படத்துல இருக்கறவரை பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். பேர் தெரிஞ்சா எழுத்தைக் கண்டுபிடிக்க ஆசை வரும். "எம்பாப்பே"ல எத்தனை மெய்யெழுத்து இருக்குன்னு கேட்டா உங்க அஞ்சாறு பேரும் விரல் விட்டு எண்ணுவாங்க. பழைய பேப்பர்ல அணிப் பேரா வெட்டி ஒரு டப்பாவுல போட்டு வெச்சு, தினம் வருகைப் பதிவு எடுக்கற நேரத்துல ஆளுக்கு ஒண்ணு எடுத்து படிக்கச் சொல்லுங்க.

எழுத வைக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு வர்ணனைக்கு மேல ஒரு வழி இல்ல. ரேடியோவுல அப்துல் ஜப்பார் தமிழ்ல கிரிக்கெட் வர்ணனை சொன்னதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்க, மைதானத்தைப் பாக்காமலே கண்ணு முன்னாடி ஓடும். விளையாட்டு நேரத்துல ரெண்டு பேரை ஓரமா நிக்க வெச்சு தங்களோட வகுப்பு ஆடற கபடியை வர்ணனை பண்ணச் சொல்லுங்க, உங்க போன்ல ரெண்டு நிமிஷம் ரெக்கார்டு பண்ணுங்க. வகுப்புக்கு வந்து போட்டுக் காட்டி அவங்க சொன்ன நாலு வரியை அப்படியே போர்டுல எழுதுங்க, "கபடி கபடின்னு போறான், காலைப் புடிச்சிட்டாங்க, இழுக்கறாங்க, கோட்டைத் தொட்டுட்டான்!" பேசினது அவன், அதனால படிக்கத் திணற மாட்டான், அடுத்து என்ன வார்த்தைன்னு அவனுக்கே தெரியும். கொச்சையா இருக்கேன்னு உடனே திருத்திடாதீங்க, எழுத்துத் தமிழுக்கு மாத்தறதை அடுத்த வாரம் பாத்துக்கலாம். முதல்ல தான் சொன்னது போர்டுல நிக்குதுங்கற சந்தோஷம் வரட்டும்.

கேள்வி: என் வகுப்புல ஒரு பையன் போலியோ மாதிரி கால் பிரச்னையோட இருக்கான், காலிப்பர் (காலைத் தாங்கற கருவி) போட்டு நடக்கறான். விளையாட்டுப் பேச்சு வந்தாலே ஒதுங்கிடறான். உலகக் கோப்பை, ஒலிம்பிக்னு நான் பேசப் பேச அவன் மனசு நோகுமோன்னு பயமா இருக்கு.
— ஆசிரியை, சேலம்

உங்க மாவட்டத்துலயே பெரியவடகம்பட்டி இருக்கு டீச்சர், மாரியப்பன் தங்கவேலு ஊரு. 2016 ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம், டோக்கியோவுல 1.86 வெள்ளி, பாரிஸ்ல 1.85 வெண்கலம், தொடர்ந்து மூணு பாராலிம்பிக்லயும் பதக்கம். சின்ன வயசுல பஸ் ஏறி வலது கால் நசுங்கினவர்.

ஆனா இதை அந்தப் பையனைப் பார்த்துச் சொல்லாதீங்க. "பாரு, உன்னை மாதிரிதான், நீயும் சாதிக்கலாம்"னு ஒரு வார்த்தை வந்துட்டா மொத்த வகுப்பும் அவனைத் திரும்பிப் பாக்கும், அவன் இன்னும் சுருங்கிடுவான். அளவையும் நீளமும் பாடத்துல கொண்டு வாங்க. கரும்பலகை பக்கத்துச் சுவத்துல 1.85, 1.86, 1.89னு மூணு கோடு போடுங்க. பெரும்பாலும் உங்க தலைக்கு மேல வரும், அந்தக் கோட்டுக்கு மேல ஒரு மனுஷன் தாண்டினார்ங்கறதை எல்லாப் பிள்ளைங்களும் அண்ணாந்து பாக்கட்டும். எல்லாருக்கும் பொதுவான ஆச்சரியம் அது.

அப்புறம் உக்காந்து ஆடற வாலிபால். பாராலிம்பிக்ல இருக்கற ஆட்டம்தான், எல்லாரும் தரையில உக்காந்துதான் ஆடணும், பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது, நெட் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. வகுப்புல பெஞ்சை ஒதுக்கிட்டு நடுவுல ஒரு கயிறு கட்டி பலூன் போதும். எழுந்து ஓடிப் பழகின பிள்ளைங்க திணறுவாங்க, கையை ஊனி நகர்றது அவங்களுக்கு புதுசு. உங்க பையனுக்கு அது புதுசா இருக்காது. யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல, ஆட்டம் ஓடட்டும். காலிப்பரைக் கழட்டணுமா வேண்டாமான்னு மட்டும் வீட்டுல முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

பெண் பிள்ளைங்களுக்கு துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் மூணு பேரையும் சொல்லுங்க. பாரிஸ் பாராலிம்பிக்ல பேட்மின்டன்ல பதக்கம் வாங்கின நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க, ஒரு வெள்ளி, ரெண்டு வெண்கலம்.

கேள்வி: இந்தியா தோத்தா எங்க வகுப்புல அழுகை, எதிர் நாட்டைப் பத்தி பெரியவங்க பேசற கெட்ட வார்த்தை எல்லாம் பிள்ளைங்க வாயில வருது. எப்படி கையாள்றது?
— ஆசிரியர், மதுரை மாவட்டம்

திட்டறதை வகுப்புல ஒரு நாளும் அனுமதிக்காதீங்க, அதே சமயம் அழறதைத் தடுக்காதீங்க. நம்ம நாடு தோத்தா வருத்தம் வரத்தான் செய்யும். மேல சொன்ன ஈட்டி எறிதல்ல அர்ஷத் நதீம் தங்கம் வாங்கினப்போ நீரஜோட அம்மா அவரும் நம்ம பிள்ளைதான்ங்கற அர்த்தத்துல பேசினாங்க, அதைப் பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல கத்தாரோட பர்ஷிமும் இத்தாலியோட தம்பேரியும் 2.37 மீட்டர்ல சமமா நின்னு, மறுபடி தாண்டி ஒருத்தரைத் தேர்ந்தெடுக்காம ரெண்டு பேருமே தங்கத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க, அந்த வீடியோவைக் காட்டுங்க. காட்டிட்டு "நீயா இருந்தா என்ன பண்ணுவே?"ன்னு கேட்டு நிறுத்திடுங்க. சில பிள்ளைங்க நான் மறுபடி தாண்டித்தான் ஜெயிப்பேன்னு சொல்லும், அதுவும் நியாயமான பதில்தான்.

அஞ்சாம் வகுப்பா இருந்தா பதக்கப் பட்டியலை வெச்சு ஒரு விவாதம் நடத்தலாம். பாரிஸ் ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு 6 பதக்கம், ஒரு வெள்ளி, அஞ்சு வெண்கலம், பட்டியல்ல 71ஆவது இடம். பாகிஸ்தானுக்கு மொத்தமே ஒரு பதக்கம், ஆனா தங்கம், 62ஆவது இடம். ஆறை விட ஒண்ணு எப்படி மேல? தங்கத்தை முதல்ல எண்றாங்கங்கற விதியை அவங்களே கண்டுபிடிக்கட்டும். அது சரியான விதியா? தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 புள்ளின்னா எப்படி மாறும்? ஜனத்தொகையால வகுத்தா? சுமார் 1.8 லட்சம் பேர் இருக்கற செயின்ட் லூசியாவுக்கு பெண்கள் 100 மீட்டர்ல ஜூலியன் ஆல்ஃப்ரெட் வாங்கிக் கொடுத்த தங்கம்தான் அந்த நாட்டோட முதல் ஒலிம்பிக் பதக்கம், அதே பாரிஸ்ல. திட்டிக்கிட்டு இருந்த வாய் கணக்கு போட ஆரம்பிக்கும்.

கேள்வி: எங்க பள்ளியில டிவி இல்ல, நெட்டும் வராது. தலைமை ஆசிரியர் "விளையாட்டு பேசினா பாடம் கெடும்"ங்கறார்.
— ஆசிரியை, நீலகிரி

மேல சொன்னதுல வீடியோ ஒண்ணைத் தவிர எதுக்கும் டிவியே வேண்டாம்மா, ஒரு நாளிதழ், சாக்பீஸ், கயிறு, டேப். தலைமை ஆசிரியர் கிட்ட உலகக் கோப்பைன்னு ஆரம்பிக்காதீங்க, பெருக்கல், தசமம், அளவைன்னு ஆரம்பிங்க, கற்றல் விளைவை எழுதிக் காட்டுங்க. முடிஞ்சா ஒரு நாள் அவரையே வந்து உக்காரச் சொல்லுங்க.

கேள்வி: ஜூலை 19க்கு அப்புறம் என்ன பண்றது? வருஷம் முழுக்க எதாவது போட்டி இருந்துக்கிட்டேதானே இருக்கு?
— ஆசிரியர், தஞ்சாவூர்

எல்லாத்தையும் எடுக்காதீங்க சார், பிள்ளைங்களுக்கும் அலுக்கும் உங்களுக்கும் அலுக்கும். ஜூலை 23ல கிளாஸ்கோவுல காமன்வெல்த் போட்டி வருது, அதை விட்டுடலாம், உலகக் கோப்பை முடிஞ்ச நாலாவது நாளே ஆரம்பிக்குது. செப்டம்பர் 19ல இருந்து அக்டோபர் 4 வரைக்கும் ஜப்பான்ல ஐச்சி நகோயா ஆசியப் போட்டி, அதை எடுங்க. முக்கியமான காரணம் கபடி. ஃபுட்பால்ல விதியை நாம சொல்லிக் கொடுக்கணும், கபடியில பிள்ளைங்க நமக்கு சொல்லிக் கொடுப்பாங்க. கபடியே பாக்காத ஒரு ஜப்பான் பிள்ளைக்கு கடிதம் எழுதற மாதிரி விதிகளை எழுதச் சொல்லுங்க, எதை முதல்ல சொல்லணும், எதை அப்புறம் சொல்லணும்னு மண்டையைப் பிச்சுக்குவாங்க, கட்டுரை எழுதறதுல கஷ்டமான பகுதியே அதுதான். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கபடி தங்கம் வாங்கின பெண்கள் அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாங்க, அந்தப் பேரையும் சொல்லி ஆரம்பிங்க.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னாடி, அதனால நிறைய ஆட்டம் பள்ளி நேரத்துலயே வரும், தூக்கம் கெடாது. ஒரே சிக்கல், வழக்கமா காலாண்டுத் தேர்வும் அந்த சமயத்துலதான் வரும். அதனால கடிதம் எழுதற வேலையை செப்டம்பர் முதல் வாரத்துலயே முடிச்சுடுங்க, தேர்வு முடிஞ்சு மிச்ச ஆட்டத்தைப் பாத்துக்கலாம்.